ராத்தா வாசித்த அத்தியாயம்

என்னை நம்பி ஒரு பெண் சொன்ன விஷயத்தை எடுத்து நான் நாவலாக எழுதினேன். அவரிடம் கேட்கவில்லை. பிறகு அந்த நாவலில் அதே பகுதியை அவரைக் கொண்டே, அவருடைய கணவரின் காதில் விழும் தூரத்தில், உரத்து வாசிக்க வைத்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அத்தியாயத்தைத் தெரிவு செய்தவன் நான். புத்தகத்தை அவர் கையில் கொடுத்தவனும் நான்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் வாசிப்பு வட்டத்தில் எல்லோரும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். மூத்த சகோதரியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம். என்னைவிட வயதில் இளையவர் என்பதால் நான் மட்டும் தங்கச்சி என்பேன். நான் கல்வித் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவன்; எல்லோருக்கும் நான் 'சேர்'. ராத்தாவுக்கு மட்டும் 'நானா', அதாவது அண்ணன்.

ராத்தா நுரைச்சோலையில் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவராக வேலை செய்தார். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரில் இருந்து விரட்டப்பட்டுக் கடல்வழியாக வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். அவரிடம் மருந்து வாங்குவது பொறுமையைச் சோதிக்கிற காரியம். உறையில் எழுதியிருப்பதை முதலில் இருந்து கடைசிவரை வாசித்துச் சொல்லாமல் உறையைக் கையில் தரமாட்டார். சனம் கைநீட்டிக்கொண்டு நிற்கும்.

"தெரியும் ராத்தா, போன மாசமும் இதுதானே தந்தீங்க," என்று ஒரு மீன் வியாபாரி ஒருநாள் அவசரப்பட்டார்.

"போன மாசம் போன மாசம். இப்ப கேளுங்க. எடுத்தா முடிக்கோணும்," என்று சொல்லிவிட்டு, காலை ஒன்று, இரவு ஒன்று, வெறும் வயிற்றில் வேண்டாம், வயிறு எரிந்தால் நிறுத்திவிட்டு வாருங்கள் என்று கடைசிச் சொல்வரை போனார். மீன் வியாபாரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். வேறு வழி இருக்கவில்லை.

எடுத்தால் முடிக்கவேண்டும் என்பது அவருடைய வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை. அவரைப் பற்றி நான் சொல்லக்கூடியதெல்லாம் அந்த ஒரு வார்த்தையைச் சுற்றித்தான் வரும்.

போர் முடிந்து சில வருடங்களில் எங்கள் வட்டம் தொடங்கியது. கற்பிட்டி வீதியில் உள்ள என் வீட்டு முன் ஹோலில், சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரத்தில் கூடுவோம். நான், ராத்தா, பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கும் நஸ்ரின் டீச்சர், முந்தலில் இறால் பண்ணை நடத்தும் சிவராசா. இடையிடையே வேறு ஆட்களும் வருவார்கள், போவார்கள். நிலைத்தது நாங்கள் நாலு பேர்.

கொழும்பில் ஓர் இலக்கிய அமைப்பு ஆண்டுதோறும் ஒரு தமிழ் நூலுக்குப் பரிசு கொடுத்துவந்தது. பரிசு அறிவிப்பதற்கு முன் ஐந்து நூல்களின் குறும்பட்டியல் வரும். அந்த ஐந்தையும் தருவித்து, பரிசு யாருக்கு என்று அவர்கள் சொல்வதற்கு முன் நாங்களே ஒரு தீர்ப்பு வைத்துக்கொள்வது எங்கள் வருடாந்த விளையாட்டு. முதல் வருடம் அது சண்டையில் முடிந்தது. எழுதியவர் யாழ்ப்பாணமா, கிழக்கா, மலையகமா, எங்கள் ஆளா, வெளி ஆளா என்று பேச்சு புத்தகத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டது. சிவராசா எழுந்து போய் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். "நான் இனி இறாலோடயே கதைக்கிறன் சேர், அதுகள் ஊர் கேக்கிறதில்ல," என்றான்.

அதற்கு அடுத்த வருடம் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். ஐந்து புத்தகங்களும் வந்தவுடன் பழைய கலண்டர்த் தாளால் உறை போட்டுவிடுவேன். பெயர் இருக்கும் பக்கங்களை உள்ளே மடித்து ஒட்டிவிடுவேன். மற்றவர்கள் தீர்ப்பு முடியும்வரை பட்டியலைப் பார்ப்பதில்லை என்று ஒப்பந்தம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு புத்தகத்தில் இருந்து நான் தெரிவு செய்து அடையாளம் வைத்த ஓர் அத்தியாயத்தை ராத்தா உரத்து வாசிப்பார். ஐந்தும் முடிந்ததும் பேரீச்சம்பழமும் பிளேன் டீயும் வரும். பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, பிடித்த புத்தகத்துக்கு முன்னால் இருக்கும் பீரிசுத் தட்டில் கொட்டையை வைக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் உறையைக் கிழிப்பது. நஸ்ரின் அதற்கு 'கொட்டைத் தேர்தல்' என்று பெயர் வைத்தாள்.

ராத்தாவின் வாசிப்பு நடிப்பு இல்லாத வாசிப்பு. அழும் இடத்தில் அழமாட்டார், சிரிக்கும் இடத்தில் குரல் உயராது. ஆனால் ஒரு சொல் விடுபடாது. ஓர் அத்தியாயம் தொடங்கினால் இடையில் யாரும் வாய் திறக்கக்கூடாது. ஒருமுறை கரண்ட் போனது. கச்சான் காற்று அடிக்கிற காலம், ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தோம், ஹோல் இருண்டுவிட்டது. நாங்கள் எழும்பி விளக்குத் தேட, ராத்தா கதிரையில் இருந்தபடி கைத்தொலைபேசி வெளிச்சத்தைத் தாளில் பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். இன்னொருமுறை வாசலால் ஓர் ஆடு உள்ளே வந்து மேசையில் இருந்த பிஸ்கட்டைத் தின்றது. சிவராசா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். ராத்தா ஒரு கையால் ஆட்டைத் தள்ளினார், கண் புத்தகத்தை விட்டு எழும்பவில்லை. அசிங்கமான வார்த்தை வந்தால் நஸ்ரினுக்கு முகம் சிவக்கும். ராத்தா அதையும் மருந்துறை வாசிப்பதுபோல வாசித்துவிட்டுப் போவார். "எழுதினவருக்கு வெக்கம் இல்லாட்டி வாசிக்கிறவளுக்கு என்ன?" என்பார்.

அவருடைய கணவர் பள்ளிவாசல்துறைக் கரையில் வள்ளங்களின் இயந்திரம் திருத்துபவர். கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் ராத்தாவை ஏற்றிக்கொண்டு வந்து, வாசிப்பு முடியும்வரை வெளி விறாந்தையில் கதிரையைச் சுவரோடு சாய்த்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். உள்ளே வாருங்கள் என்றால், "எனக்கு இதெல்லாம் விளங்காது சேர்," என்பார். ஹோலுக்கும் விறாந்தைக்கும் இடையில் கம்பி வைத்த ஜன்னல் ஒன்றுதான். சில வருடங்களில் அவர் அங்கே இருப்பதே எனக்கு நினைவில் இல்லாமல் போனது. ஒரு மனிதனை அப்படி மறக்கமுடியும் என்பதை இப்போது எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒரு வருடம் பட்டியலில் இருந்த ஒரு சிறுகதைத் தொகுப்பில் கடல் கடக்கும் காட்சி ஒன்று வந்தது. ராத்தா வழக்கம்போல வாசித்து முடித்தார். மற்றவர்கள் போய்விட்டார்கள். என் வீட்டுத் தண்ணீர் பம்ப் பழுதாகிக் கிடந்தது, அவருடைய கணவர் பின்பக்கம் கிணற்றடியில் அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். ராத்தா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "நானா, ஒண்டு சொல்லோணும். சொல்லத் தொடங்கினா முடிச்சிருவன். இடையில ஒண்டும் கேக்காதீங்க," என்றார்.

சொன்னார். ஊரை விட்டு வெளியேறச் சொன்ன நேரத்தில் அவருடைய கணவர் கருவாட்டு லொறியோடு கொழும்புக்குப் போயிருந்தார். வீட்டில் ராத்தாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் படுக்கையில் கிடந்த மாமியும், அதாவது கணவரின் தாயும். பக்கத்து வீட்டு பிலோமினா என்ற கத்தோலிக்கப் பெண் தன் மகன்மாரைக் கொண்டு மாமியைக் கதிரையோடு தூக்கிக் கடற்கரைவரை கொண்டுவந்து விட்டாள். மழை. வள்ளத்துக்குப் போகக் இடுப்பளவு தண்ணீரில் இறங்கவேண்டும். ராத்தா ஒரு பிள்ளையைத் தோளிலும் ஒரு பிள்ளையை இடுப்பிலுமாகக் கொண்டுபோய் ஏற்றினார். திரும்பி மாமிக்காக வரப் பார்த்தபோது வள்ளக்காரன் விடவில்லை. கரையில் இருந்து பிலோமினா, "நீ பிள்ளையளக் கொண்டு போ, கிழவிய நான் பாக்கிறன்," என்று கத்தினாள். ராத்தா போய்விட்டார்.

கற்பிட்டியில் கணவர் தேடி வந்து, "உம்மா எங்க?" என்று கேட்டார். ராத்தாவின் வாயில் வந்தது, "மௌத்தாகிட்டாங்க. கரையிலயே அடக்கிட்டு வந்தம்."

அந்த மனிதர் தாய்க்காகத் தொழுதார், ஓதினார், துஆக் கேட்டுக் கையேந்தினார், அழுதார். அடுத்த வருடம் ஒரு கன்னியாஸ்திரி வழியாக ராத்தாவுக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. மாமி நோன்பு மாதம்வரை பிலோமினா வீட்டில் உயிரோடு இருந்து, பிறகுதான் இறந்திருக்கிறார். ராத்தா அதைக் கணவரிடம் சொல்லவில்லை. போர்நிறுத்தத்தோடு சமாதான காலத்தில் பாதை திறந்த பிறகும், போர் முடிந்த பிறகும் மன்னாருக்குப் போவோம் என்று யார் கூப்பிட்டாலும் போகவில்லை.

முடித்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"நானா, மௌத்தானவங்களுக்கெண்டு கேட்ட துஆ, உசிரோட இருந்தவங்களுக்குப் போய்ச் சேருமா?"

நான் படித்தவன். அல்லாஹ் அறிவான் என்று ஏதோ சொன்னேன்.

"இது உங்களோட இரிக்கட்டும்," என்றார். கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இருவரும் போனார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் வீதியில் மறைவதற்குள் நான் பத்திரிகை ஓரத்தில் அந்தக் கேள்வியைச் சொல் மாறாமல் எழுதி வைத்துவிட்டேன். மறந்துவிடுமோ என்று பயம்.

அதில் இருந்துதான் நாவல் வந்தது. ஊரை மாற்றினேன். மாமியை அந்தப் பெண்ணின் சொந்தத் தாயாக மாற்றினேன். கத்தோலிக்க அயல்வீட்டுக்காரியை ஒரு கிழவனாக மாற்றினேன். கேள்வியை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. நாவலில் அதைவிட நல்ல வரி வேறு இல்லை. புனைபெயரில் கொழும்பில் ஒரு சிறிய பதிப்பகம் வெளியிட்டது. யாருக்கும் சொல்லவில்லை. அந்த வருடம் குறும்பட்டியலில் என் புத்தகமும் இருந்தது.

நான் செய்திருக்கவேண்டியது என்னவென்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஐந்து புத்தகங்களுக்கும் உறை போட்டேன். மற்ற நாலும் வாசித்து முடிந்தபின் கடைசிச் சனிக்கிழமைக்கு என் புத்தகத்தை வைத்தேன். மிகச் சிறந்த அத்தியாயம் என்று நான் நம்பிய அந்தக் கடற்கரை அத்தியாயத்தில் அடையாளத் தாளை வைத்தேன். ராத்தாவின் குரலில் என் எழுத்தைக் கேட்கவேண்டும் என்ற ஆசை. அவர் கண்டுபிடித்தாலும் இரகசியமாகச் சந்தோஷப்படுவார், தன் பாரம் ஒரு நூலாகிவிட்டது என்று பெருமைப்படுவார் என்றுகூட நினைத்தேன். இப்படி நினைத்தவனுக்கு அப்போது அறுபது வயது தாண்டியிருந்தது.

ராத்தா வாசிக்கத் தொடங்கினார். முதல் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மழை, கரை, காத்திருக்கும் சனம். சிவராசா ரசித்துத் தலையாட்டினான். இரண்டாம் பக்கத்தில் அந்தப் பெண் ஒரு பிள்ளையைத் தோளிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தாளைத் திருப்பும்போது ராத்தாவின் விரல் தாளின் மூலையில் ஒரு கணம் நின்றது. பிறகு திருப்பினார். குரல் மாறவில்லை.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே கதிரைக் கால் சீமெந்தில் உரசும் சத்தம் கேட்டது. சாய்த்துப் போட்டிருந்த கதிரையை அவருடைய கணவர் நேராக்கி உட்கார்ந்திருக்கிறார்.

நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். ராத்தா புத்தகத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை என் பக்கம் உயர்த்திக் காட்டினார். வாசிப்பின் நடுவில் யாராவது பேசப்போனால் எப்போதும் காட்டும் அதே கை. அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது. நிறுத்தினால் அது அவருடைய கதை. நிறுத்தாமல் போனால்தான் அது வேறு யாரோ ஒருத்தியின் கதை. அவர் இப்போது முடிக்கப் பார்ப்பது பழக்கத்தால் அல்ல.

வள்ளம் புறப்பட்டது. மறுகரை வந்தது. கணவன் வந்து கேட்டான். மனைவி பொய் சொன்னாள். கன்னியாஸ்திரியின் இடத்தில் நான் வைத்த தபால்காரன் வந்து போனான். ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம் என்பதால், அந்தக் கேள்வி எத்தனை வரிக்கு அப்பால் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இருந்தேன். எழும்பி அவர் கையில் இருந்து புத்தகத்தைப் பறித்திருக்கலாம். செய்யவில்லை.

ராத்தா அந்த வரிக்கு வந்தார். தான் எனக்குச் சொன்ன சொற்களைத் தாளில் பார்த்தார். மருந்துறையின் கீழே எழுதியிருப்பதை வாசிப்பதுபோல வாசித்தார்.

"மௌத்தானவங்களுக்கெண்டு கேட்ட துஆ, உசிரோட இருந்தவங்களுக்குப் போய்ச் சேருமா?"

அதற்குப் பிறகும் ஒரு பக்கம் இருந்தது. அதையும் வாசித்தார். முடித்துப் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

நஸ்ரின் கண்ணைத் துடைத்தாள். சிவராசா, "ஆரோ பெரிய கை சேர் இது. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு," என்றான். பேரீச்சம்பழம் வந்தது. நான் என் பழத்தைத் தொடவில்லை. நஸ்ரினும் சிவராசாவும் கொட்டையை என் புத்தகத்துக்கு முன்னால் வைத்தார்கள். ராத்தா பழத்தை மெதுவாகச் சாப்பிட்டார். கொட்டையை முந்தானையில் துடைத்தார். அவரும் அதே பீரிசில் வைத்தார்.

நான் ஆசைப்பட்டது அதுதான். அது கிடைத்த நேரத்தில் அந்தப் பீரிசைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நஸ்ரின் உறையைக் கிழித்தாள். "இது ஆர்? கேள்விப்படாத பேரா இரிக்கே."

"ஆரா இருந்தா என்ன," என்றார் ராத்தா. "நல்லாக் கேட்டு எழுதியிரிக்கார்."

என்னைப் பார்க்கவில்லை. வெளியில் இருந்து அவருடைய கணவர், "போவமா?" என்று கேட்டார். அந்தக் குரலிலும் ஒரு வித்தியாசமும் இல்லை. இருவரும் போனார்கள். அதோடு எங்கள் வட்டம் முடிந்தது.

திங்கட்கிழமை நான் கொழும்பு அமைப்புக்கு எழுதி நூலைப் போட்டியில் இருந்து விலக்கிக்கொண்டேன். பதிப்பகத்தில் மீதியாக இருந்த பிரதிகளை வாங்கிவந்து எரித்தேன். அது பரிகாரம் என்று நினைத்தேன். பட்டியலில் இருந்த ஒரு நூலை எழுதியவரே விலக்கிக்கொண்டார் என்பது ஒரு பத்திரிகையில் செய்தியாக வந்தது. சிவராசா தொலைபேசி எடுத்து, "சேர், அந்தப் புத்தகத்த இப்பதான் எல்லாரும் தேடுறாங்க. நம்மகிட்ட இருக்கிறதப் பத்திரமா வையுங்க," என்றான்.

அடுத்து நான் செய்தது ராத்தாவின் கணவரைத் தேடிப் போனது. பள்ளிவாசல்துறையில் தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு வள்ளத்து இயந்திரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தார்.

"வாங்க சேர். பம்ப் திரும்பவும் நிண்டுட்டா?"

"இல்ல. சும்மா வந்தன்." பிறகு தயார் செய்து கொண்டுபோன பொய்யைச் சொன்னேன். போன சனிக்கிழமை வாசித்த கதையை எழுதியவர் கிழக்கில் ஒருவர், எனக்குத் தெரிந்தவர், எல்லாம் அவருடைய கற்பனை, இப்படி நடந்ததென்று யாரும் நினைக்கக்கூடாது.

அவர் கேட்டுக்கொண்டே இயந்திரத்தின் பிளக் ஒன்றைத் துணியால் துடைத்தார்.

"ஊர மாத்திட்டீங்க சேர். கிழவிய அவட சொந்த உம்மா ஆக்கிட்டீங்க. அதெல்லாம் சரிதான்," என்றார். "அந்தக் கேள்வி அவட கேள்வி. அவ கதைக்கிற கத அப்படித்தான். உங்களத் தவிர வேற ஆருக்கிட்ட அவ வாய் தொறந்து கதைச்சிரிக்கா?"

பக்கத்தில் கிடந்த பலகையை என் பக்கம் தள்ளினார்.

"குந்துங்க. உம்மாட கத எனக்குத் தெரியும். சமாதான காலத்தில பாதை தொறந்த உடன போனன். பிலோமினா அக்காதான் கையப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் கபுறக் காட்டினா. அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லாத நேரம், அவட மகன்மாரே குழி வெட்டி அடக்கியிரிக்காங்க."

"ராத்தாவுக்குச் சொல்லல்லையா?"

"திரும்பி வந்து, வீடு உடஞ்சு கிடக்கு, தெரிஞ்ச ஆக்கள் இல்ல எண்டு சொல்லிட்டன். ரெண்டு புள்ளைகளையும் அந்தத் தண்ணீல சுமந்து கொண்டுவந்து எனக்குத் தந்தவள். அவளுக்கிட்ட நான் என்னத்தக் கேக்கிற?"

பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாம இருந்தது ஒண்டுதான் சேர். அவ அத உங்களுக்குச் சொன்னா எண்டது."

கரையில் யாரோ வள்ளம் தள்ளும் சத்தம்.

"உங்கட விறாந்தைல நான் என்னத்துக்கு வந்து இரிக்கிறன் எண்டு நெனச்சீங்க? வீட்டில அவ கதைக்கிறது குறைவு. அங்கதான் அவட கொரல ஒரு மணித்தியாலம் கேக்கலாம். எல்லாக் கதையும் கேட்டிரிக்கன்." பிளக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கேள்விய எனக்கிட்டக் கேட்டிரிக்கலாம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஒண்டு மட்டும் செய்ங்க. எனக்குத் தெரியும் எண்டு அவளுக்குச் சொல்லாதீங்க. அவ உடஞ்சு போயிருவா. சொல்ல மாட்டன் எண்டு சொல்லுங்க."

"சொல்ல மாட்டன்," என்றேன்.

அந்த மாதம் நீரிழிவுக்கு மருந்து எடுக்க டிஸ்பென்சரிக்குப் போனேன். வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். அது கோழைத்தனம் என்று பட்டது. ராத்தா உறையை எடுத்தார். "தங்கச்சி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றேன்.

"காலைல ஒண்டு, ராவைக்கு ஒண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு. தலை சுத்தினா சீனித் தண்ணி கொஞ்சம் குடிங்க." கடைசிவரை வாசித்தார். உறையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "நானா, அவர் உங்களுக்கிட்ட ஏதும் கேட்டாரா?"

அவருடைய முகத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அந்தச் சில வாரங்களில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உறையை விடாமல் என் பதிலுக்காக நின்றார்.

"இல்ல," என்றேன்.

"ஒண்டுமே கேக்கல்லையா?"

"ஒண்டும் கேக்கல்ல."

உறையைத் தந்தார். அவருடைய தோள் இறங்கியது. நிம்மதியால் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்ற எண்ணத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் அவர்களைத் தூரத்தில் வைத்து மட்டும் பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் முன்னால் அவர், பின்னால் ராத்தா. பிறகு ஒருநாள் அந்த மனிதர் கொட்டகையிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். கணவனை இழந்த பெண் வெளியாரைப் பார்க்காமல் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடியும்வரை காத்திருந்து, நஸ்ரினைக் கூட்டிக்கொண்டு ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். அவர் போய்விட்டார், இனி வாக்கு இல்லை, ராத்தா பயத்தில் இருந்து விடுபடவேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நஸ்ரின் குசினிக்குள் போன நேரத்தில் சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரியும். சமாதான காலத்திலேயே தெரியும். கபுறைப் பார்த்துவிட்டு வந்துதான் வீடு உடைந்து கிடக்கிறது என்று சொன்னார்.

ராத்தா வெள்ளைச் சேலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"புத்தகம் வாசிச்சதுக்குப் பிறகு. அந்தக் கிழமையே."

"நான் உங்களுக்கிட்டக் கேட்டன்."

"ஓம்."

"இல்லை எண்டு சொன்னீங்க."

"சொல்ல வேணாம் எண்டு அவர் வாக்கு வாங்கினார் தங்கச்சி."

"அண்டைக்கு நீங்க ஓம் எண்டிருந்தா நான் வீட்ட போய் அவர்ட காலடில குந்தி எல்லாத்தையும் சொல்லியிருப்பன். அதுக்குத்தான் கேட்டன். அவர் கேக்கிறார் இல்லையே, கேக்கிறார் இல்லையே எண்டு இத்தின வருஷமா அவர்ட மொகத்தப் பாத்துக்கொண்டு இருந்தன்." குரல் ஏறவில்லை. "அவர் சொன்னா உங்களுக்கு அது வாக்கு. நான் சொன்னா அது கதை. அப்படித்தானே நானா?"

அதுதான் அவர் என்னை நானா என்று கூப்பிட்ட கடைசித் தடவை. நஸ்ரின் தேநீரோடு வந்தாள். ராத்தா கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் குடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சில மாதங்களில் ராத்தா மன்னாருக்குப் போய்விட்டார். முதல் நாளே பிலோமினாவோடு மாமியின் கபுறடிக்குப் போனதாகவும், வெகுநேரம் அங்கே இருந்ததாகவும் நஸ்ரின் சொன்னாள். டிஸ்பென்சரியில் அவருடைய இடத்தில் இப்போது இருக்கும் பெடியன் உறையை ஒரு வார்த்தையும் சொல்லாமல் தள்ளிவிடுகிறான்.

இதை எழுதவேண்டும் என்று தோன்றியபோது, இம்முறை கேட்காமல் எழுதவில்லை. அந்தப் புத்தகம் என்னுடையது என்று நஸ்ரினிடம் ஒப்புக்கொண்டு, ராத்தாவிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன். இரண்டு கிழமை பதில் இல்லை. எழுதவேண்டாம் என்று வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தால் எழுதியிருக்கமாட்டேன். பிறகு நஸ்ரின் வந்தாள்.

"எழுதச் சொன்னா சேர். தன்ட பேர் போட வேணாமாம். அவர்ட பேரும் வேணாமாம். மாமிட பேரப் போட்டே ஆகணுமாம். உங்கட புத்தகத்தில அவங்களுக்குப் பேரே இல்லையாமே."

உண்மைதான். முந்நூறு பக்கம் எழுதினேன், அந்தக் கிழவிக்கு ஒரு பெயர் வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் பெயர் பாத்துமுத்து.